தலைவரின் பழைய சக்கரங்கள்

என் அக்கா ஐஸிரெக்கின் கணவர் மமிர்கான் மாவட்ட நீர்ப்பாசன அலுவலகத்தில் துணைத் தலைவர். அங்கே தலைவரைத் தவிர எல்லோருமே துணைத் தலைவர்கள்தான். அண்மையில் ஒரு விருந்தில் குதிரைக்கறி பங்கிட்டபோது அவருக்கு விலா எலும்பு வந்தது. எங்கள் வழக்கப்படி பெரிய மனிதருக்கு இடுப்பெலும்புதான் வர வேண்டும். பங்கிட்டவனின் மூக்கை அந்த விலா எலும்பாலேயே உடைத்துவிட்டு வந்தார்.

பிறகு யோசித்துப் பார்த்ததில், குற்றம் தன் காரின் சின்னச் சக்கரத்தில்தான், அதைப் பார்த்துத்தான் ஆட்கள் மதிப்பதில்லை என்று முடிவுக்கு வந்தார். தலைவர் தன் ஜெர்மன் காருக்குப் புதுச் சக்கரம் மாட்டியதும் பழைய நான்கையும் மமிர்கான் கெஞ்சி வாங்கினார். தன் பதினெட்டு வயது ஜப்பான் காரை ஓட்டிக்கொண்டு கரா-பல்தாவில் உள்ள என் டயர் கடைக்கு வந்தார். கணவாய்க்கு அப்பால், சூசாமிரில், புதுச் சம்பந்தி வீட்டில் அன்று விருந்து. அக்கா மடியில் பலகாரச் சட்டியோடு பின்சீட்டில் இருந்தாள்.

ஒரு சக்கரத்தை வைத்துப் பார்த்தேன். துளைகள் பொருந்தவில்லை.

"ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் மச்சான். நட்டு நேரா உட்காராது. வளைவுல போல்ட் முறிஞ்சு சக்கரம் தனியாப் போயிரும்."

"தலைவர் வண்டியில கழலாதது என் வண்டியில ஏன்டா கழலும்? மந்திரி வீட்டு வாசல் வரைக்கும் போன சக்கரம்டா இது."

முடியாது என்றேன். வீல் ஸ்பேனர் என் வாயில் இறங்கியது. இரண்டு பல் போயின. நான் தலையால் அவர் வயிற்றில் முட்டினேன். கிரீஸ் தரையில் இருவரும் புரண்டோம். நூற்றுப் பத்து கிலோ என் மேல் இருந்ததால் சண்டை சீக்கிரம் முடிந்தது.

அவரே மாட்டினார். ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தார். நட்டுகள் கோணலாக ஏறிக் கிரீச்சிட்டன. கீழ்ப்படிகின்றன என்று நினைத்துக்கொண்டார்.

நான் ரத்தத்தைத் துப்பிவிட்டு அக்காவை இறங்கச் சொன்னேன்.

"இறங்கினா வீட்டுல எனக்குத்தான்டா விழும்," என்றாள்.

அவள் அந்தக் காரில் கணவாய் ஏறக் கூடாது. வேறு வழி தெரியாமல் கத்தியை எடுத்து முன்டயரின் பக்கவாட்டில் செருகினேன். மமிர்கான் என் இடது கையைத் தரையில் மிதித்து வைத்துக்கொண்டு ஸ்பேனரால் மூன்று முறை அடித்தார். மூன்று விரல்கள் உடைந்தன. கணக்கில் எப்போதும் துல்லியமானவர்.

டயர் கிழிந்த இடத்தில் தன் பழைய சக்கரத்தையே மாட்டிக்கொண்டார். மூன்று தலைவர் சக்கரம், ஒரு துணைத் தலைவர் சக்கரம். சின்னது தெரியாதபடி சுவரோரம் நிறுத்திக்கொள்ளலாம் என்று விளக்கமும் சொன்னார்.

அக்கா சட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். அவர் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து அவர் முழங்காலில் ஒன்று போட்டாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வரல. இனி என் தம்பி மேல கை வெச்சா அடுத்தது மண்டையில விழும்," என்றாள். குரல்கூட உயரவில்லை.

மமிர்கான் எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்தார். இது குறித்து முறைப்படி விசாரிக்கப்படும் என்று அலுவலகக் குரலில் அறிவித்தார். நொண்டிக்கொண்டே காரில் ஏறிப் போனார்.

மருத்துவமனையில் மாவுக்கட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அக்காவுக்குப் போன் வந்தது. கணவாய்ச் சாலையின் மூன்றாவது வளைவில் பின்சக்கரம் ஒன்று கழன்று, ஆட்டு மந்தைக்குள் பாய்ந்து இரண்டு ஆடுகளைக் கொன்றுவிட்டது. கார் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. அவருக்கு இரண்டு காலும் போச்சு. ஆம்புலன்ஸில் இங்கேதான் கொண்டுவருகிறார்கள். தூக்கி வைத்தவர்களிடம், தன்னை முன்சீட்டில் உட்கார வைக்கச் சொன்னாராம்.

"உயிர் இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தாள்.

வாசலில் சைரன் கேட்டது. எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். அக்கா என் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"நம்ம முறை வந்துருச்சு. வா, அந்தாளை உள்ளே விடறதுக்குள்ள உன் கையைக் காட்டிருவோம்."