வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆம்புலன்ஸ்

பீடோங்கிற்கு வெளியே, புக்கிட் மெராந்தி தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை ஒட்டியே ரயில் பாதை போகிறது. இரட்டைத் தண்டவாளம் போட்டு, மின்கம்பி இழுத்து, கொம்யூட்டர் ரயில் விட்டபோது, ஊருக்குள் வரும் பழைய ரயில்வே கேட்டை மூடி இருபுறமும் இரும்பு வேலி அடித்துவிட்டார்கள். அதன்பிறகு லயத்துக்காரர்கள் பெரிய ரோட்டுக்குப் போவதென்றால் செம்பனைக் காட்டைச் சுற்றி டவுன் மேம்பாலத்தில் ஏற வேண்டும். சீக்கிரம் இங்கேயே ஒரு பாலம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். வருடங்கள்தான் போயின.

எவலினின் கணவன் டக்ளஸ் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். ஒரு ஞாயிறு காலை, சர்ச் பூசைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தான். எவலின் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். அது வேகமாகத்தான் வந்தது. ஆனால் வந்து நின்றது வேலிக்கு அந்தப் பக்கம். ஓட்டுநரின் போன் மேப்பில் பழைய கேட் இன்னும் வழியாகவே இருந்தது.

"இங்க வாங்கடா! ஆளு போயிருவாரு போலிருக்கு!" என்று பக்கத்து வீட்டு நடராஜா வேலியை உலுக்கினார்.

"லைனுக்குள்ள இறங்க முடியாதுண்ணே, ரயில் வருது! சுத்தி வர்றோம், அவர அசைக்காதீங்க!" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஆம்புலன்ஸ் பணியாளன் கத்தினான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் கொம்யூட்டர் நடுவில் பாய்ந்து போனது. ஜன்னலோரம் ஒரு பெண் தலைசீவிக்கொண்டிருந்ததை எவலின் பார்த்தாள். ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது டக்ளஸுக்கு மூச்சில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரமே அவள் பாலம் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். கூடுதல் ரயில்கள் விடும் விழா சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் நடந்தபோது, லயத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மேடைக்கு முன்னால் நின்றாள். "உங்க ரயிலுக்கு வழி இருக்கு. எங்க ஆம்புலன்ஸுக்கு எங்க வழி?" என்று மலாயில் கேட்டாள். அது எல்லாருடைய போனிலும் பரவியது. பிறகுதான் பாலத்துக்கு உத்தரவு வந்தது.

திறப்பு நாளில் கூடாரம், நாற்காலி, ரிப்பன் எல்லாம் தயாராக இருந்தன. பொறியாளர் லோகேஸ்வரன் கத்தரிக்கோலை நீட்டினார்.

"அக்கா, நீங்கதான் வெட்டணும். உங்களாலதான பாலமே வந்துச்சு."

எவலின் அதை வாங்கிக்கொண்டு, ரிப்பனுக்கு அடியில் குனிந்து படியேறினாள். அதுவரை தகரம் அடைத்து மறைத்திருந்த செங்குத்தான படிகள். பாதியில் ஒரு குறுகிய திருப்பம். அங்கேயே நின்றுவிட்டாள்.

"தம்பி, ஸ்ட்ரெச்சர் இதுல எப்படித் திரும்பும்?"

"இது நடக்கிறவங்களுக்குக்கா. கிடைச்ச பட்ஜெட்டுல இவ்ளோதான் லா முடிஞ்சிச்சு."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நடராஜாண்ணே! அந்த பெஞ்ச கொண்டாங்க!"

கூடாரத்திலிருந்து நீள பெஞ்சு வந்தது. நடராஜாவே அதில் ஏறிப் படுத்துக்கொண்டார். நாலு பேர் தூக்கினார்கள். திருப்பத்தில் பெஞ்சு கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தலைக்கு மேலே உயர்த்திப் பார்த்தார்கள். நடராஜா சறுக்கிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"பாத்துக்குங்க எல்லாரும்! அன்னிக்கு எம் புருசன் அந்த வேலியால செத்தாரு. நாளைக்கு ஒருத்தன் இந்தப் படியில சாவான். அதுக்கு நான் ரிப்பன் வெட்டணுமா?"

"அக்கா, ப்ளீஸ்க்கா, பெரியவங்க வர்ற நேரம்."

"வரட்டும்! அவங்களையும் இதுல படுக்கவெச்சு அந்தப் பக்கம் கொண்டு சேரு. நான் வெட்டறேன்."

கத்தரிக்கோலைப் படியில் வைத்துவிட்டு இறங்கினாள். விழாவுக்கு வந்த பெரிய அதிகாரி காரை விட்டு இறங்காமலே திரும்பிப் போனார்.

ரிப்பனை யார் அவிழ்த்தார்களோ தெரியவில்லை, மறுநாளே பிள்ளைகள் அந்தப் பாலத்தில் பள்ளிக்கூடம் போனார்கள். எவலினும் அதில்தான் வேலைக்குப் போகிறாள். அப்புறம் சிலர் வந்து, வண்டி போகும்படி தண்டவாளத்துக்கு அடியில் வழி அமைக்க இடம் அளந்து, சிவப்புக் குச்சிகளை ஊன்றிவிட்டுப் போனார்கள். அதோடு சரி.

வாராவாரம் அவள் லோகேஸ்வரனைக் கூப்பிடுகிறாள். "தம்பி, எவலின் பேசறேன். எப்ப தோண்டுவீங்க?" அவர் எடுக்காவிட்டால் லீவு போட்டுவிட்டு நேராக ஆபீசுக்கே போய் அவர் மேசைக்கு முன்னால் நிற்கிறாள். உட்காரச் சொன்னாலும் உட்காருவதில்லை.