பால் வெட்டுகிறவள்

இந்திய, சிலோன் அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டதில் ஊரை இழந்த சிலோன் தோட்டத் தொழிலாளர்கள், முப்பது குடும்பங்கள், போர்ட் பிளேயரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். ஏற்கெனவே தண்ணீர்த் தட்டுப்பாடு. குழாயடியில் அவர்களைப் பற்றி முணுமுணுத்த பெண்களே மாலையில் கஞ்சிப்பானை தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எனக்கு இந்தி தெரியும் என்பதால் இந்திக்காரக் குமாஸ்தாவுக்குப் பக்கத்தில் பதிவு மேசையில் உட்காரவைத்தார்கள்.

"என்ன வேலை தெரியும், அக்கா?"

"பால் வெட்டுவேன்" என்றாள் பொன்னம்மா.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். மீன் வெட்டுவோம், விறகு வெட்டுவோம். பாலை எப்படி வெட்டுவது? கறப்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்து, குமாஸ்தாவிடம் "தூத் கா காம்" என்றேன். பால் வேலை என்று எழுதிக்கொண்டார்.

நான்காம் நாள் காலை, கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர்களின் பட்டியலை வாசித்தார்கள். நீலாவதி குடும்பம் இருந்தது. அவள் அக்கா பொன்னம்மா இல்லை. அவளை மாட்டுப் பண்ணைக்கு எழுதியிருந்தது. கப்பல் பதினொரு மணிக்கு. புருஷனை இழந்த பொன்னம்மாவுக்கு மிச்சமிருந்தது அந்தத் தங்கை மட்டும்தான்.

"மாடா? எனக்கு மாட்டக் கண்டாலே பயம், புள்ள! ரப்பர் மரத்துல பால் வெட்டுறதத்தானே சொன்னேன்!"

குமாஸ்தாவிடம் ஓடினேன். "தப்பு என்னோடது, பாபுஜி."

"தங்கச்சிகூடப் போகணும்னா எல்லாருக்கும் ரப்பர் தெரிஞ்சிடும்" என்று இந்தியில் சலித்துக்கொண்டார்.

பொன்னம்மா மூட்டையை அவிழ்த்து, நுனி வளைந்த சின்னக் கத்தியை எடுத்தாள். பள்ளி முற்றத்துப் பலாமரத்தில் சாய்வாக ஒரே இழுப்பு. பட்டை நூல்போலச் சுருண்டு விழுந்தது. வெட்டுக்குக் கீழே சிரட்டையைப் பிடித்தாள். வெள்ளையாக ஒரு சொட்டு எட்டிப்பார்த்தது, பிறகு இன்னொன்று.

குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தார். விரல்கள் ஒட்டிக்கொண்டன. பேனாவை எடுத்தார், அதுவும் ஒட்டிக்கொண்டது.

"அச்சா, இந்தப் பாலா!" என்று குலுங்கிச் சிரித்தார். சிரித்தபடியே பழைய எழுத்தை அடித்துவிட்டு, ரப்பர் என்று கோணலாக எழுதினார்.

மூட்டையை நான் தூக்கிக்கொள்ள, இருவரும் துறைமுகத்துக்கு ஓடினோம்.

கப்பலின் மேல்தட்டிலிருந்து பொன்னம்மா கத்தினாள்: "அடுத்த கப்பல்ல வர்றவங்ககிட்டயாச்சும் எதுல வெட்டுறதுன்னு கேட்டு எழுது, புள்ள!"

"சரிக்கா!"

அதற்குள் சங்கு ஊதிவிட்டது. கேட்டதோ என்னவோ. நீலாவதி அக்காவின் மணிக்கட்டை விடவே இல்லை.