மூச்சை மறிக்கும் தட்டு

டிசம்பர் மாதத்தில் சக்லேஷ்புரத்துப் பனி விடிகாலையில்தான் முழுசாக இறங்கும். அந்த நேரத்தில் நாங்கள் லாரிகளுக்கு அடியில் மல்லாந்து கிடப்போம். எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே தகரச் சட்டியைத் தள்ளி, காப்பி உமியைக் கொட்டிக் கொளுத்தி, அது சுடராக எரியாமலும் அணைந்து போகாமலும் ஒரு மணி நேரம் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். முதுகில் ஈரச் சேறு, முகத்தில் அனல். டிரைவர் ஜவரய்யாவின் புருவம் கருகி இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் முளைக்கவில்லை. தொட்டிக்குள் கட்டியாக உறைந்து கிடக்கும் பாமாயில் மெல்ல இளகும். பிறகு வண்டி இருமும், தும்மும், போண்டா வாசனையோடு புகைவிடும். தெருநாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடிவரும்.

எங்கள் முதலாளி திம்மப்ப கௌடர் இயற்கையை நேசிப்பவர். மொத்த நேசத்தையும் அதற்கே கொடுத்துவிட்டதால் எங்களுக்கு மிச்சம் ஏதும் இல்லை. மூன்று காப்பித் தோட்டம், ஓர் உலர்களம், இருபது வயதான ஐந்து டீசல் லாரிகள். போன வருடம் எங்கேயோ ஒரு கூட்டத்துக்குப் போய்வந்தவர், லாரிகள் இனி டீசல் குடிக்காது என்று அறிவித்தார். ஓட்டல்களில் பஜ்ஜி பொரித்துக் கருத்த எண்ணெய் பீப்பாய் பீப்பாயாக வந்தது. ஷெட் மெக்கானிக்கான என்னைக் கூப்பிட்டு, மாற்று என்றார்.

முடியாத காரியமில்லை. சின்னத் தொட்டியில் டீசல் வைத்து வண்டியைக் கிளப்ப வேண்டும். எஞ்சினின் வெந்நீரைக் குழாய் வழியாக எண்ணெய்த் தொட்டிக்குள் சுற்றவிட்டு, எண்ணெய் சூடான பிறகு அதற்கு மாற வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி டீசலுக்கு வர வேண்டும். இதைச் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினேன். கௌடர் வரைபடத்தின் மேல் நின்றுகொண்டு கேட்டார். லாரியின் இரண்டு பக்கமும் 'ஒரு சொட்டு டீசல் இல்லை' என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டதாம். சின்னத் தொட்டி வைத்தால் அது பொய்யாகிவிடுமாம். வாழ்க்கையில் அவர் பொய்க்குப் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதனால் எங்களுக்கு உமித்தீ.

அடுத்தது காற்று. கேபினுக்கு மேலே யானைத் துதிக்கை போல ஒரு காற்றுக் குழாய், புகை போக அகலமான புதுக் குழாய். அதோடு நின்றிருக்கலாம். புகைக்குழாயில் உள்ள தட்டு அவர் கண்ணில் பட்டுவிட்டது.

மலையில் இறங்கும்போது டிரைவர் காலால் ஒரு மிதியை அழுத்துவார். அந்தத் தட்டு குறுக்கே மூடி, புகை வெளியேற முடியாமல் எஞ்சின் திணறி, அந்தத் திணறலே லாரியைப் பிடித்து நிறுத்தும். சக்கர பிரேக் சூடேறாது. மங்களூர்ப் பக்கம் போகும் சிராடி மலை இறக்கத்தில் அந்தத் தட்டுதான் டிரைவரின் உயிர்.

"மனுசன் மூக்குல கட்டைய வெச்சா மூச்சு விடுவானா? லாரிக்கும் அதேதான். கழட்டு, ஹம்சா" என்றார் கௌடர்.

இறக்கத்தில் அது வேண்டும் என்றேன். "எனக்கு மலையப் பத்திச் சொல்றியா? நான் பொறந்ததே மலையிலதான்" என்றார். மலையில் பிறந்தவர் காரில்தான் இறங்குவார். நான் கழற்றினேன். ஐந்து லாரியிலும், என் இந்தக் கைகளால். எந்த டிரைவரிடமும் சொல்லவில்லை. பழைய இரும்புக் கடையில் போடச் சொன்னார். நான் ஒரு சாக்கில் கட்டி மேசைக்கு அடியில் தள்ளினேன். தைரியத்தால் அல்ல, நல்ல இரும்பை எறிய மனம் வராத கஞ்சத்தனத்தால்.

அந்த வாரமே, பதினொரு நாளுக்கு முன், டிரைவர் ஈரய்யா காப்பி மூட்டைகளோடு சிராடியில் இறங்கினார். நாலாவது வளைவிலேயே பிரேக் கருகும் வாசனை வந்தது, ஆறாவதில் மிதித்தால் பிடிக்கவில்லை. முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிய பஸ். ஈரய்யா லாரியை மலைச்சுவரில் கொண்டுபோய்த் தேய்த்து நிறுத்தினார். பஸ் தப்பியது. அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கௌடர் ஆசுபத்திரிக்கு ஆப்பிள் கொண்டுபோனார். வாசலில் நின்று பத்திரிகைக்காரர்களிடம், டிரைவர் எண்ணெய் மிச்சம் பிடிக்கக் கியரில் போடாமல் நியூட்ரலில் இறங்கினான், இயற்கையின் மேல் குற்றமில்லை என்றார்.

இன்று காலை பத்து மணிக்கு மந்திரி வருகிறார். கௌடருக்குப் 'பசுமை ரத்தினம்' பட்டம். மிச்சமிருந்த நான்கு லாரிகளுக்கும் சாமந்தி மாலை. கொடி அசைத்ததும் நான்கும் சிராடி வழியாக மங்களூருக்கு இறங்க வேண்டும்.

ஐந்து மணிக்கு ஜவரய்யா உமி வாங்க உலர்களத்துக்குப் போனார். உமிக் குவியலுக்கு முன்னால் ஈரய்யாவின் மனைவி சன்னம்மா உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிக் காப்பி பொறுக்கும் பெண்கள் இருபது பேர்.

"இன்னிக்கு உமி கெடையாது" என்றாள்.

"அக்கா, வண்டி கெளம்பாது."

"கெளம்பி?"

ஜவரய்யா வெறும் கூடையோடு ஷெட்டுக்கு வந்து, அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். சன்னம்மா என் எதிரே நின்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்க வீட்டுக்காரரு நியூட்ரல்ல எறங்கினாராம். நீங்க சொல்லுங்க ஹம்சண்ணா."

நான் மேசைக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்து அவிழ்த்துக் கொட்டினேன். ஐந்து தட்டுகள் தரையில் உருண்டன. மிதித்த மிதிக்குக் கீழே ஒன்றுமில்லை என்று நாலு வளைவு கழித்துத்தான் ஈரய்யாவின் கால் நம்பியிருக்கும் என்றேன். கழற்றியது நான்தான், இதை எந்த ஆபீசிலும் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். ஒரு டிரைவர் என் சட்டையைப் பிடித்தார். ஜவரய்யா விலக்கிவிட்டு, அப்புறம் அடிச்சுக்கலாம், முதல்ல கௌடர் வரட்டும் என்றார்.

கௌடர் எட்டு மணிக்கு மைசூர் தலைப்பாகையோடு வந்தார். தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே நெய் மாதிரி உறைந்திருந்தது.

"என்ன இது?"

"இயற்கை, கௌட்ரே" என்றார் ஜவரய்யா.

யாரும் சிரிக்கவில்லை. கௌடர் முதலில் கெஞ்சினார். ஊரின் மானம் என்றார், பூமி சூடாகிறது என்றார். அந்த நேரத்தில் பூமி போதிய அளவு சூடாகவில்லை என்பதுதான் அவருடைய பிரச்சினை. பிறகு குரல் மாறியது.

"தீய வைங்கடா. இல்லேன்னா நாளைக்கு ஒருத்தனுக்கும் வேலை கெடையாது."

"கழட்டின தட்ட மாட்டுங்க. டீசல் தொட்டி வைங்க. ஈரய்யா மேல சொன்ன பொய்ய அதே பத்திரிகையில மாத்திச் சொல்லுங்க. அப்புறம் தீ எதுக்கு, கௌட்ரே?" என்றார் ஜவரய்யா.

"ஒரு இரும்புத் துண்டுக்கா இவ்வளவு ஆட்டம்?"

"ஒரு காலுக்கு" என்றாள் சன்னம்மா.

கௌடர் அவளைப் பார்க்காமல் போனை எடுத்தார். ஒன்பதே காலுக்கு ஹாசனிலிருந்து ஒரு வேன் வந்தது. நான்கு டிரைவர்கள். அவர்களில் மூத்தவர் சித்தலிங்கா, அகன்ற தோள்காரர், எங்கள் முகத்தைப் பார்க்காமலே முதல் லாரியில் ஏறினார். கௌடர் தலைப்பாகையைக் கழற்றி பானெட்டின்மேல் வைத்துவிட்டு, தாமே முழங்காலிட்டு சாமந்திச் சரத்தையும் பட்ட விழா அழைப்பிதழ்களையும் சட்டியில் போட்டுக் கொளுத்தப் பார்த்தார். பட்டம் சரியாக எரியவில்லை, நிறையப் புகைந்தது.

மேலே சித்தலிங்கா, பழகாத வண்டியில் ஏறும் மலை டிரைவர்களின் வழக்கப்படி, ஸ்டியரிங்கைத் தொடுமுன் அந்த மிதியைக் காலால் அழுத்திப் பார்த்தார். அது தொளதொளவென்று ஆடியது. இறங்கினார். குனிந்து, கௌடரின் தலைக்கு மேலாகப் புகைக்குழாயைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த தட்டுகளைப் பார்த்தார். எண்ணினார்.

"லாரி நாலுதான இருக்கு. அஞ்சாவது யாருது?"

ஜவரய்யா சன்னம்மாவின் பக்கம் கையைக் காட்டினார்.

சித்தலிங்கா தன் ஆட்களிடம், வேனிலிருந்து பைகளை எடுங்கள் என்றார். திரும்பிப் போகத்தான் என்று நினைத்தேன். பைகளைக் கொண்டுவந்து ஷெட் சுவரோரம், எங்கள் சாப்பாட்டுத் தூக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

"கூலி ரெட்டிப்பாத் தரேன்யா" என்றார் கௌடர், முழங்காலில் இருந்தபடியே.

"எங்க மொதலாளியும் போன வாரம் இதத்தான் கழட்டச் சொன்னாரு. நீங்க பட்டம் வாங்கப் போறதக் கேட்டு" என்றார் சித்தலிங்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் கழட்டினவனா?"

ஆமாம் என்றேன்.

"மாட்டத் தெரியுமா?"

நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் போனேன். என் லாரியைத் தொடாதே, போலீசைக் கூப்பிடுவேன் என்று கௌடர் கத்தினார். கூப்பிடவும் செய்தார். சாலையில் மந்திரி காரின் சைரன் கேட்டது. இருபத்தைந்து பேருக்கு மேல் லாரியைச் சுற்றி நின்றார்கள், அடியிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். செருப்புப் போட்ட கால், போடாத கால், கொலுசுக் கால். ஒன்றும் அசையவில்லை. சித்தலிங்கா பக்கத்தில் படுத்து, சில்லிட்ட தட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான்கு போல்ட்டில் முதல் போல்ட் ஏறியது.