நூறு காட்டிய நாற்காலி

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் கருவிகளைப் பழுது பார்ப்பவன் நான். அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் நான் ஒருவன்தான். வாங்கியவர்களுக்கே அந்த ஆசை வரவில்லை.

பிள்ளைக்கு ஒன்றாக நாற்பது ரிமோட்கள். உள்ளங்கை அளவு, நான்கு ரப்பர் பொத்தான்கள். ஆசிரியர் திரையில் கேள்வி போட்டால் விடையை அழுத்த வேண்டும். மேசைக்கடியில் உள்ள சிறு பெட்டி, நிமிடத்துக்கு எத்தனை ரிமோட்கள் அழுத்தப்பட்டன என்று எண்ணி, சதவீதமாக்கி முதல்வரின் டேப்லெட்டுக்கு அனுப்பும். அதற்குப் பெயர் 'ஈடுபாடு'. விடை சரியா, கேள்வி என்று ஒன்று கேட்கப்பட்டதா என்பதெல்லாம் பெட்டிக்குத் தெரியாது. எளிய, அழகான, அடிமுட்டாள் பெட்டி. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அது தன்னை அறிவாளி என்று சொல்லிக்கொண்டதில்லை.

முதல்வர் சொல்லிக்கொள்வார். எதற்கெடுத்தாலும் சதவீதம் கேட்பதால் ஆசிரியர் அறையில் அவர் பெயரே 'சதவீதம்'. ஈடுபாடு எண்பதைத் தொடாத ஆசிரியருக்கு அடுத்த ஆண்டு வேலை இல்லை என்று சுற்றறிக்கை விட்டிருந்தார். பக்கத்து வகுப்பு ஆங்கில ஆசிரியர் நிமிடத்துக்கு ஒருமுறை "நலமா? ஆம், இல்லை" என்று கேள்வி போட்டுத் தொண்ணூற்றெட்டில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆங்கில டீச்சருக்குப் பன்னிரண்டு.

காரணம், அவர் பிள்ளைகளைப் பேசவைத்தார். ஸ்பீக்கர் போனை மேசையில் வைத்து, வெளிநாட்டில் இருக்கும் தன் அண்ணியை அழைப்பார். அண்ணி கடைக்காரியாக நடிப்பார். வாங்கிய வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை போட்டு வேறு மெஷின் வாங்க வேண்டும். அண்ணி லேசில் மசியமாட்டார். வாயே திறக்காத பிள்ளைகள்கூட முண்டியடித்து வருவார்கள். ரிமோட்கள் மட்டும் பெரும்பாலும் கடைசி வரிசை நாற்காலியில், பஞ்சு வைத்துத் தைத்த தட்டையான பைக்குள் தூங்கும். பார்த்தால் இருக்கை மெத்தை மாதிரி இருக்கும்.

முதல்வர் பார்வையிட வருவதற்கு முந்தின நாள் சொன்னேன்: "டீச்சர், அந்தப் பைமேல ஒரு பலகைய வெச்சு அமுக்கினா நூறு காட்டும். நான் பாத்துக்கறேன்."

"வேணாம்ண்ணா. பொய் நம்பர் போட்டு இந்த வேலைல இருக்கணுமா? போனா போகுது."

அவர் வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் சதவீதம் வந்தார், கூடவே கருவியை விற்ற கம்பெனிக்காரர், பழுது வந்தால் பார்க்க நானும். டேப்லெட்டில் பூஜ்யம். வகுப்பிலோ ஒரு மாணவி, "உங்க மெஷின் துணி துவைக்கல மேடம், டான்ஸ் ஆடுது!" என்று அண்ணியிடம் ஆங்கிலத்தில் மல்லுக்கு நின்றாள். அறையே குலுங்கியது.

"பாத்தீங்களா, செத்த கிளாஸ்" என்றார் சதவீதம், அந்தச் சிரிப்பை மீறிக் கத்தி. கடைசி வரிசைக்குப் போய்ப் பையின்மேல் உட்கார்ந்தார்.

அவருக்குக் காலாட்டும் பழக்கம். ஆட்ட ஆட்ட உடம்பு ஏறி இறங்கும், பொத்தான்கள் அமுங்கி விடுபடும். பெட்டி எண்ணியது. அறுபது. எண்பத்தைந்து. நூறு.

"யோவ், ஏறுதுய்யா!"

எழுந்து முன்னால் வந்து நின்று பார்த்தார். பூஜ்யம். திரும்பப் போய் உட்கார்ந்தார். நூறு. கம்பெனிக்காரர் பையைப் பார்த்தார், அதன்மேல் இருந்ததைப் பார்த்தார், பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

"புரிஞ்சுதா? நான் உக்காந்தாத்தான் பசங்க கவனிக்கிறாங்க."

"அதிலென்ன சந்தேகம் சார்" என்றார் கம்பெனிக்காரர்.

டீச்சருக்கு வேலை நீடித்தது, ஒரு நிபந்தனையோடு: ஆங்கில வகுப்பில் முதல்வர் தினமும் அதே நாற்காலியில் அமர்வார்.

மாலையில் விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுந்து நேரே முதல்வர் அறைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தபோது முகம் விசித்திரமாக இருந்தது.

"என்ன சொன்னார்?"

"தன்னடக்கம் நல்லதுதாம்மா, ஆனா மெஷின் பொய் சொல்லாதுன்னார்ண்ணா."

இப்போது சதவீதம் தினமும் வருகிறார். பிள்ளைகளும் அண்ணியும் வாஷிங் மெஷினை முடித்து ஃப்ரிட்ஜுக்கு வந்துவிட்டார்கள். நாற்பது பிள்ளைகளுக்காக வாங்கிய கருவியைக் கடைசி வரிசையில் ஒருவரே முழுமூச்சாகப் பயன்படுத்துகிறார். மாதம் ஒருமுறை நான் பேட்டரி மாற்றுகிறேன்.