பல்தசாரேவுக்குச் செத்தவர்கள் என்ன வைத்தார்கள்?

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆளிடமிருந்து கீழே விழுந்தது. குனிந்து பொறுக்கிக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அது. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் அந்த வாரம் தெருத்தெருவாகச் சர்க்கரைப் பொம்மைக் கடை போட்டுவிடுவார்கள். முழங்கை உயரத்துக்குக் குதிரை வீரன், மணமக்கள், நடனக்காரி. எல்லாம் சர்க்கரைப் பாகில் வார்த்து, கண்ணைப் பறிக்கிற சாயம் பூசியவை. ராத்திரியில் செத்துப்போன சொந்தக்காரர்கள் வந்து இதில் ஒன்றை வீட்டுக்குள் எங்காவது ஒளித்துவிட்டுப் போவார்கள். விடிந்ததும் பிள்ளைகள் தேடி எடுத்துத் தின்ன வேண்டும். அதனால் முந்தின நாளே பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துவந்து, எது வேண்டும் என்று விரலால் காட்டவைப்பார்கள். செத்தவர்கள் எங்கிருந்தோ பார்த்துக்கொள்வார்கள்.*

(* நம் ஊரில் செத்தவர்களுக்கு நாம் படைத்துவிட்டுக் காக்காயைக் கூவிக் கூவி அழைக்கிறோம். இங்கே படைப்பது அவர்கள். நாம்தான் காக்காய்.)

எனக்கு முன்னால் நின்றவர் பல்தசாரே, எங்களுக்கு மேல் மாடிக்காரர், நகரப் பேருந்து ஓட்டுபவர். தொப்பையும் நரைத்த மீசையுமாக... இனி ‘அவன்’ என்றே எழுதுகிறேன். சர்க்கரைப் பொம்மைக்கு வரிசையில் நிற்பவனுக்கு என்ன ‘அவர்’?

“பிள்ளைக்கு என்ன வயசு தம்பி?” என்றாள் கடைக்காரம்மா.

“அம்பத்தி நாலு.”

“அம்பத்தி நாலா!”

“நான் வாங்க வரலக்கா. எது வேணும்னு காட்ட வந்தேன்.”

“யாருக்குக் காட்ட?”

“அம்மாவுக்கு. மார்ச்சுல போயிட்டாங்க.”

கடைக்காரம்மா துளிக்கூட அசரவில்லை. “ஓ, முதல் வருஷமா? அப்ப நல்லா கிட்ட வந்து காட்டு. புதுசா செத்தவங்களுக்கு இன்னும் கடை, தெரு எல்லாம் பழகியிருக்காது.”

அவன் கிட்டே போய், ரோஜா நிறப் பாவாடையும் கையில் விசிறியுமாக நின்ற நடனக்காரியைக் காட்டினான்.

“ஆம்பளப் பிள்ளைங்க குதிரைக்காரனத்தான கேப்பாங்க?”

“வருஷா வருஷம் அதான் வெச்சாங்க. இவ எப்பவும் எங்க அக்காவுக்கே போயிருவா. நான் வாயத் தொறந்து கேட்டதில்ல.”

இதைக் கேட்ட பிறகு கதை எழுதாமல் இருக்க நான் என்ன கல்லா?

2

தொடக்கங்கள்.

“நவம்பர் பனியைப் போர்த்திக்கொண்டு அந்த நகரம்—” பலெர்மோவில் நவம்பரில் வியர்த்து ஊற்றும். இது வேறு ஏதோ கதையிலிருந்து தப்பி வந்த வாக்கியம்.

“இனிப்பு என்பது நாவில் இல்லை, நினைவில்தான்—” இதை எழுதிய கையை நானே அடித்துவிட்டேன். இனிப்பு நாவில்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு ஜிலேபி தின்று பார்க்கவும்.

“சீஸ் துருவி எங்க?” என்று ஆகதா கத்தினாள்.

இது இருக்கட்டும். இதில் ஒரு வேகம் இருக்கிறது.

3

“சீஸ் துருவி எங்க?” என்று ஆகதா கத்தினாள். திருநாள் காலை. அவள் பல்தசாரேவின் மனைவி. மதியத்துக்குச் சேமியாவை அடுப்பில் சுட்டெடுக்க வேண்டும், மேலே சீஸ் தூவாவிட்டால் அது வெறும் களி.

“ஒளிச்சு வெச்சிருக்கேன்” என்றது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல். பனியனும் அரை டிராயருமாக அவன் அங்கே நுழைந்து கால்மணி நேரம் ஆகிறது. பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“துருவிய எதுக்குடா ஒளிச்ச, கடவுளே!”

“அம்மா வந்து காலத் துருவிட்டாங்கன்னா?”

இந்த ஊரில் சேட்டை செய்த பிள்ளைகளின் உள்ளங்காலை, இனிப்பு வைக்க வருகிற செத்தவர்கள் துருவியால் சீவிவிடுவார்கள். பல்தசாரே இந்த வருஷம் செய்த சேட்டை, அம்மாவின் பச்சை சோபாவை விற்றது. அதுவும் அவளுக்கு அறவே பிடிக்காத எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரனுக்கு.

“சரி, ஒளிச்சியே, எங்க ஒளிச்ச?”

வெளியே தெரிந்த பாதங்களில் ஒன்று மற்றதைச் சொறிந்தது.

“மறந்துபோச்சு” என்றான்.

ஆக இப்போது அந்த வீட்டில் தேட இரண்டு பொருள்கள். அவன் பொம்மையைத் தேட, அவள் துருவியைத் தேட, கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, காணாமல் போன டிவி ரிமோட் வந்தது, மகள் கல்யாணமாகிப் போவதற்கு முன் தொலைத்த ஒற்றைத் தோடு வந்தது, கெட்டுப்போன ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் அவன் நெஞ்சு ‘ஹா!’ என்று எகிறி, பிறகு இறங்கியது.

வெளியே விளையாட்டாகத்தான் தேடினான். கேட்டவர்களிடமெல்லாம் கண்ணைச் சிமிட்டினான். உள்ளுக்குள் கணக்கு வேறு. பொம்மை கிடைத்தால் அம்மா வந்து போயிருக்கிறாள். கிடைக்காவிட்டால் மார்ச்சில் டாக்டர் சொன்னது உண்மை. அதை அவன் இதுவரை நம்பவில்லை. அடக்கத்தில்கூடச் சவப்பெட்டியைத் தூக்கியபடி, “என்னம்மா இவ்ளோ கனம், திருட்டுத்தனமா என்ன தின்ன?” என்று கேட்டவன் அவன்.

4

[ஆகதாமேல் எனக்குச் சந்தேகம். கதைகளில் வரும் மனைவிகள் எல்லாரும் இப்படித்தான் சமையலறையில் நின்று கத்துகிறார்கள். நான் சோம்பேறித்தனமாக எழுதுகிறேனோ? கேட்டேவிட்டேன்.

“ஏன், எனக்கு மட்டும் செத்தவங்க இல்லையா?” என்றாள் அவள் என்னைப் பார்த்து. “அவனுக்கு ஒரு நடனக்காரி, எனக்கு ஒரு துருவியா? நல்லா எழுதுற போ.”

நியாயம்தான். அவளைக் கூடத்துக்கு மாற்றினேன். அங்கே போனதும் யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, செருப்பு அலமாரியைத் திறந்து தன் பழைய பூட்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. “எங்கப்பா கஞ்சன். வெச்சாலும் காஞ்ச அத்திப்பழந்தான் வெப்பாரு” என்று முணுமுணுத்தாள். பிறகு இன்னொரு பூட்ஸுக்குள்ளும் கைவிட்டாள்.]

5

தொலைபேசி அடித்தது. தூரின் நகரத்திலிருந்து அக்கா நுன்சியா. வருஷம் தவறாமல் இந்த நாளில் கூப்பிட்டு, ‘ஹலோ’ கூடச் சொல்லாமல் ஒரே கேள்வி கேட்பாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் இன்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி அது.

“டேய், உனக்குச் செத்தவங்க என்ன வெச்சாங்க?”

“இன்னும் தேடிட்டிருக்கேன்க்கா.”

அக்கா சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவளே, “எங்கெல்லாம் பார்த்த?” என்றாள்.

“கட்டிலடி, பரண், சலவை மெஷின்...”

“மக்கு, அம்மா அவ்ளோ சுலபமா வெப்பாங்களா? அந்த ரப்பர் பூட்ஸ் ஞாபகம் இருக்கா?”

இருக்காதா பின்னே! அப்பா மீன் வியாபாரி. ஒரு வருஷம் அம்மா பாதாம் விழுதில் செய்த பழங்களை அப்பாவின் ரப்பர் பூட்ஸுக்குள் ஒளித்துவைக்க, அப்பா இருட்டோடு அதை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார். ‘ஏதோ ஈரமா இருக்கு’ என்று நினைத்தாராம், மீன்காரருக்கு அது புதிதில்லையே. மதியம் வீடு திரும்பியதும் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள்.

“அந்த ஆரஞ்சு சப்பட்டையாப் போயிருந்துச்சு.”

“மத்தி மீன் வாசனையோட.”

“தின்னியா இல்லையா?”

“நீதான்க்கா முதல்ல நக்குன!”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் என் வீட்டு உத்தரம் அதிர்ந்தது. (இது கற்பனையில்லை. நான் கீழ்வீட்டுக்காரன்.) சிரித்து முடித்து மூச்சு வாங்கும்போது அக்கா, “இரு, நானும் என் வீட்ல பார்த்துட்டு வரேன்” என்றாள்.

“அங்கயா? அம்மா அவ்ளோ தூரமெல்லாம்...”

“செத்தவங்களுக்கு என்னடா ரயில் டிக்கெட்டா?”

அறுபதை நெருங்குகிற பெண்மணி, வரி அலுவலகத்தில் மேலதிகாரி, தூரினில் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறக்கிற சத்தம் தொலைபேசியில் கேட்டது.

“எனக்கு நடனக்காரிதான வெச்சிருப்பாங்க?” என்று தூரத்திலிருந்து கத்தினாள்.

“இந்த வருஷம் அவ எனக்கு! நேத்தே காட்டிட்டேன். உனக்குக் குதிரைக்காரன்!”

“டேய் திருட்டுப் பயலே!”

6

முடிவுகள். இங்கேதான் எனக்கு வியர்க்கிறது.

முதல் முடிவு: ஆகதாவே ரகசியமாக வாங்கி, குளிர்பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். வார இதழ்கள் இதை அள்ளிக்கொள்ளும். ஆனால் ஆகதாவுக்கு ஒளிக்க வராது. ஒரு நிமிஷத்தில் அகப்பட்டுவிடும், வைத்தது யார் என்றும் தெரிந்துவிடும். அவன் “கிடைச்சிருச்சு!” என்று குதித்து, அவள் கன்னத்தில் முத்தமிட்டு, முகம் கழுவப் போகிறேன் என்று குளியலறைக்குள் போய்க் குழாயை ரொம்ப நேரம் திறந்துவிட்டிருப்பான். அந்த முடிவில் அம்மா செத்துவிடுகிறாள்.

இரண்டாவது: அம்மாவே வருகிறாள். “மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்கும்—” இதற்கு மேல் எழுத முடியவில்லை. அவளை எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதே என் பேச்சைக் கேட்காதவள். கதைக்குள் வந்தால், பொம்மையைக் கொடுப்பதற்கு முன் லிஃப்ட் ஏன் வேலை செய்யவில்லை என்று என் சட்டையைப் பிடிப்பாள். சோபா விஷயம் தெரிந்தால் கதை வேறெங்கோ போய்விடும்.

மூன்றாவது: கிடைக்கவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து, ஐம்பத்து நாலு வயதில், கடைசியாக... அருமையான முடிவு, பரிசுக்கு அனுப்பலாம். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதை எழுத முடியாது. எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. அவ்வளவுதான் காரணம்.

7

ஒன்று சொல்லவில்லை. கடையிலிருந்து அவன் நகர்ந்ததும் அந்த நடனக்காரியை நான் வாங்கிவிட்டேன். இதோ, எழுதுகிற மேசைமேல் விசிறியோடு நிற்கிறாள். எறும்பு வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் இந்தக் கதையில் செத்த ஆள் நான்தான். யார் கண்ணிலும் படாமல் அந்த வீடு முழுக்க நடமாடுகிறேன், எதையும் எங்கேயும் வைக்க என்னால் முடியும். ஆனால் ஒரு சிக்கல். இத்தனை பக்கமும் நான் பல்தசாரேவின் தலைக்குள் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எங்கே வைத்தாலும் அந்த நொடியே அவனுக்குத் தெரிந்துவிடும். தனக்குத் தானே ஒளித்துக்கொண்ட இனிப்பு ஓர் இனிப்பா?

அதனால் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

தெரியாது என்று சொல்லாதீர்கள். உங்கள் அம்மா எங்கே ஒளித்துவைப்பாள்? பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள்ளா? அரிசி டின்னுக்குள் முழங்கை ஆழத்திலா? அப்பாவுக்குக்கூடத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த, உங்களுக்கு மட்டும் தெரிந்த அந்த இடம் எது? அங்கேயே வையுங்கள். பல்தசாரே வீட்டில் அரிசி டின் இல்லையே என்று தயங்க வேண்டாம். எந்த இடமானாலும் நான் கட்டிக்கொடுக்கிறேன், எனக்கு அது ஒரு வாக்கியம்.

இந்தாருங்கள், பொம்மை. விசிறி மெல்லியது, பார்த்து.

அவனைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லியிருக்கிறேன். கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, பனியனும் தொப்பையுமாக, சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்க நின்றுகொண்டிருக்கிறான். சிரிப்புத்தான் என்று நினைக்கிறேன்.

[                              ]

வைத்தாயிற்றா? எங்கே என்று என்னிடம் சொல்லாதீர்கள். அவன் காதில் விழுந்துவிடும்.

இனி அவனைக் கூப்பிட வேண்டும். அதை நான் செய்தால் என் குரல் என்று கண்டுபிடித்துவிடுவான். நீங்களே கூப்பிடுங்கள், உங்கள் அம்மா உங்களைக் கூப்பிட்ட மாதிரி:

“கண்ணத் தொறடா, பல்தூ.”