தாகம் எடுக்காதவன்

1

அரை மணி நேர ஓய்வின் விலை அறுபது ரூபாய்.

இந்த விலையை நான் வைக்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கையுறையும் பாதுகாப்புக் காலணியும் விற்கிறேன். என் கடை வாசலில் இரண்டு பேர் பேசி முடித்த விலை அது.

"நீ குந்திக்கோ மச்சி. உன் அரை மணியும் நானே நின்னுடுறேன். நூறு குடு."

"சும்மா நிக்கிறதுக்கு நூறா? அம்பது தர்றேன்."

"சும்மாவா? அந்த அனல்ல நீ சும்மா நின்னு காட்டு, நான் இருநூறு தர்றேன்."

"சரி, அறுபது. பேஜாரு பண்ணாத."

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். பெயர்கள் உட்பட மீதியெல்லாம் நான் கற்பனையில் செய்தது. ஆரணிச் சந்தையில் (பொன்னேரிப் பக்கத்து ஆரணி, பட்டுச்சேலை ஆரணி வேறு) வளர்ந்தவன் நான். விலை குறைந்தால் சந்தோஷப்படாதே, சரக்கின் அடியைத் திருப்பிப் பார் என்பது எங்கள் வீட்டுப் பாடம். ஒருவனுக்கு ஓய்வே தேவையில்லாமல் போனது எப்படி? திருப்பிப் பார்க்கிறேன்.

2

"ராபினின் மூளைக்குள் ஆயிரம் விளக்குகள் ஒரே நேரத்தில்—"

(நிறுத்திவிட்டேன். இது விளம்பரக்காரன் வாக்கியம். சரக்கைத் தள்ளிவிடத்தான் உதவும்.)

"போதை ஓர் இளைஞனின் வாழ்வை எவ்வாறு சீரழிக்கிறது என்றால்—"

(இது ரயில் நிலையச் சுவரில் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் நின்று படித்து நான் பார்த்ததில்லை.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். ராபின், வயது இருபத்தொன்பது, கம்பி உருட்டும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. உலையிலிருந்து சிவக்கக் காய்ந்து வரும் இரும்பை இடுக்கியால் பிடித்து உருளைக்குள் திருப்பி விடுவது அவன் வேலை. அந்த இடத்தில் அரை மணிக்கு மேல் மனிதன் நிற்க முடியாது. அதனால் ஜோடி ஜோடியாக ஆள் போடுவார்கள். ஒருவன் அரை மணி நிற்பான், மற்றவன் உட்காருவான், பிறகு மாறிக்கொள்வார்கள். ராபினுடைய ஜோடி எபினேசர். ராபினுக்கு அத்திப்பட்டில் பாதி கட்டிய வீடும், மெர்சி என்ற மனைவியும் உண்டு. வீட்டுக்குத் தளம் போடப் பணம் வேண்டும், அதற்காகத்தான் எபினேசரின் அரை மணியையும் அறுபதுக்கு நின்றான். யாரோ ஒருவன் தாளில் மடித்துத் தூள் கொடுத்தான்.

(அதற்கு இங்கே வாரம் ஒரு பெயர். செய்தித்தாளில் மெத்தாம்பெட்டமைன். நான் தூள் என்றே எழுதுகிறேன்.)

3

இந்தப் பகுதியில் கதை நகராது. ராபினின் உடம்பு மட்டும் நகரும்.

மூளையில் டோபமைன் என்று ஒன்று உண்டு. பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால், பேரத்தில் பத்து ரூபாய் குறைந்தால், கொஞ்சம் வெளியே வரும். காரியம் முடிந்ததும் நரம்பு அதைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளும். தூள் போனதும் கிடங்கில் இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே தள்ளப்படுகிறது. திரும்பி வரும் வழியும் அடைபடுகிறது. எதுவும் கடினமில்லை என்று ராபினுக்குத் தோன்றுவது அப்போதுதான். புதிதாகத் தெம்பு எதுவும் வரவில்லை. அடுத்த வாரத்துச் சரக்கை இன்றைக்கே விற்கிறான்.*

கூடவே உடம்பை முடுக்கிவிடும் நோரட்ரினலினும் பெருகும். இதயம் விரைந்து அடிக்கும். ரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறும். பசி போகும், தூக்கம் போகும், தாகம் தெரியாது, தாடை தானாக அரைக்கும். உள்ளே சூடு கூடும். தோலடிக் குழாய்கள் இறுகிக் கிடப்பதால் அந்தச் சூடு வெளியேறவும் வழி குறையும். ஏசி அறையில் இருப்பவனுக்கே இது ஆபத்து. ராபின் நிற்பது உலைக்கு முன்னால்.

* போதை இறங்கிய பிறகு நாள் முழுக்கத் தூக்கம், எரிச்சல், எதிலும் ருசியின்மை, மறுபடி வேண்டும் என்ற அரிப்பு. மாதக்கணக்கில் போனால் எல்லார்மேலும் சந்தேகம் வரும். தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகத் தோன்றும். ராபின் அதுவரை போகவில்லை.

4

ஆலையில் தண்ணீர் குடிப்பதை வைத்துத்தான் ஆளை எடை போடுவார்கள். புதிதாக வந்தவன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேனுக்கு ஓடுவான். பழகியவன் ஓடமாட்டான். மேஸ்திரி சடையப்பனுக்கு ராபினைப் பார்க்கப் பார்க்கப் பெருமை.

"டேய், ராபினைப் பார்ரா. காலைலேர்ந்து ஒரு கிளாஸ் தண்ணி தொடல. அவன் ஆளு. நீங்கல்லாம் தண்ணி லாரி."

"லாரியாவது ஊருக்கு உதவும்ணே" என்றான் எபினேசர். எல்லாரும் சிரித்தார்கள். ராபினும் பல்லை அரைத்துக்கொண்டே சிரித்தான்.

வேறு எங்கேயாவது "ஏன்டா தண்ணி குடிக்கல?" என்று கேட்டிருப்பார்கள். இங்கே பாராட்டினார்கள்.

எபினேசர் விஷயத்தில் எனக்குத் தகராறு. முதலில் எழுதிய பிரதியில் அவனுக்கு எதுவும் தெரியாது என்று வைத்தேன். அந்த எபினேசரை நானே வாங்கமாட்டேன். தினமும் நான்கு அரை மணிகளை விலைக்கு வாங்குகிறவன் ஒரு தடவைகூடவா அடியைத் திருப்பிப் பார்த்திருக்கமாட்டான்? அதனால் மாற்றினேன். கழிவறையில் ராபின் தாளைப் பிரிக்கிறான், எபினேசர் பார்த்துவிடுகிறான்.

"இன்னாடா அது?"

"தலவலிக்கு."

"தலயே இல்லாதவனுக்கு இன்னாடா தலவலி?"

கேட்டுச் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டான்.

[மாதம் ஒரு ஜோடி கையுறை வாங்கிய ராபின், வாரம் ஒரு ஜோடி வாங்கினான். நல்ல வாடிக்கை என்று நினைத்த கடைக்காரனையும் கதையில் சேர்க்கலாமா? இந்த அடைப்புக்குறிக்குள் மட்டும் இருக்கட்டும்.]

5

மே மாதம், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ராபினுக்குத் தொடர்ந்து மூன்றாவது அரை மணி. இடுக்கி கையிலிருந்து விழுந்தது. அவன் அப்படியே உட்கார்ந்தான். தொட்டால் தோல் காய்ந்து சுட்டது. ஈரச் சாக்கு போர்த்தி, உப்பு மோர் கொடுத்தார்கள். அனலில் விழுந்தவனுக்கு அங்கே வழக்கமாகச் செய்வது. மோர் கடைவாயில் வழிந்தது. எபினேசரைப் பார்த்து, "அப்பா, கதவ சாத்து" என்றான்.

ஆஸ்பத்திரியில் நர்மதா என்ற நர்ஸ், காய்ச்சல் பார்த்துவிட்டு ஐஸ் கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள். பிறகு திரும்பினாள்.

"இவரு கூட வேல செய்யறது யாரு?"

"நாந்தான் சிஸ்டர்."

"இன்னா சாப்ட்டாரு? மாத்திரை, தூளு, ஏதாவது? வெறும் வெயிலுன்னா ஒரு வைத்தியம், வேற ஏதாவது உள்ள போயிருந்தா வேற. மறைக்காம சொல்லு."

அத்திப்பட்டிலிருந்து ஆட்டோவில் ஓடி வந்த மெர்சி பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"அவரு பீடி கூட தொடமாட்டாரு சிஸ்டர். இவரையே கேளுங்க. சொல்லுண்ணா."

எபினேசர் மெர்சியைப் பார்த்தான். "வெயிலு சிஸ்டர்" என்றான்.

நர்மதா எழுதவில்லை. "நெஜமாவா?"

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

எபினேசர் சொல்லிவிடுகிறான். மருந்து மாறுகிறது, ராபின் பிழைக்கிறான். இரண்டு பேருக்கும் வேலை போகிறது. மெர்சி எபினேசரிடம் அதற்குப் பிறகு பேசுவதே இல்லை.

எபினேசர் சொல்லவில்லை. (நான்கு வரி எழுதிக் கிழித்தேன்.)

ராபினே கண் விழித்துச் சொல்லிவிடுகிறான். இது எபினேசரைச் சும்மா தப்பவிடும் முடிவு. அந்தச் சூட்டில் ராபினுக்குத் தன் பெயரே தெரியாது.

நான் எழுதுகிறவன், ஒரே வரியில் காப்பாற்றிவிடலாம். ஆனால் அந்த வரியை எபினேசர் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். அவன் எனக்குத் தரமாட்டேன் என்கிறான். உங்களுக்குத் தருகிறானா, கேட்டுப் பாருங்கள். நேரம் குறைவு.

மாலை நான்கு மணி நிலவரம் இது:

உடல் வெப்பம், நூற்றாறு.
நாடி, நூற்று அறுபத்து நான்கு.
உள்ளே போன மோர், ஒரு மடக்கு, மீதி சட்டையில்.
நர்மதா கேட்டது, இரண்டு தடவை.
எபினேசர் சொன்னது, வெயில்.
பாக்கி, ஒரு வாக்கியம்.