கத்தரிப்பூ கலர் உடுப்பு

உங்களிடம் கத்தரிப்பூ கலரில் ஒரு சட்டையாவது இருக்கிறதா? இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு கல்லுமலைத் தோட்டத்துப் பக்கம் வந்துவிடாதீர்கள். நீங்கள் சங்கம் கிங்கம் ஒன்றும் தெரியாதவராக இருக்கலாம், மழைக்கு ஒதுங்க வந்தவராகக்கூட இருக்கலாம். கடையில் நீங்கள் கேட்ட பிளேன்டீ வருவதற்குள் நீங்கள் எந்தச் சங்கத்து ஆள் என்று நாலு பேர் முடிவு கட்டியிருப்பார்கள்.

வினோதா துணி எடுத்த நாளில் அந்தக் கலருக்குச் சங்கமே கிடையாது. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

வினோதா கல்லுமலையில் பிள்ளைக் காம்பரா பார்ப்பவள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப் போகும் பிள்ளைகளுக்குப் பால் ஆற்றிக் கொடுப்பதும், மூக்குத் துடைப்பதும், தொட்டில் ஆட்டுவதும் அவள் வேலை. பின்னேரம் பிள்ளைகள் போனதும் அதே காம்பராவுக்கு முன்னால் உள்ள வெட்டையில் தோட்டத்து இளைஞர் கழகத்தின் பேண்ட் பழகும். இருபத்திரண்டு பேர். சைட் டிரம் பன்னிரண்டு, பேஸ் டிரம் இரண்டு, சிம்பல் நாலு, கொடி மூன்று. முன்னால் கோல் பிடித்து நடக்கிற லீடர் வினோதா.

எட்டு வருஷமாக அவள்தான் லீடர். எட்டு வருஷமும் நுவரெலியாவில் நடக்கிற பேண்ட் போட்டிக்கு விண்ணப்பம் போட்டாள். ஒரு தடவையாவது அடித்தார்களா என்றால் இல்லை. கொரோனாவில் இரண்டு வருஷம் போயிற்று. டீசல் இல்லாத வருஷம் வேன் வரவில்லை. இன்னொரு வருஷம் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. ஒரு வருஷம் எல்லாம் சரியாக இருக்க, லீடருக்கே அம்மை போட்டுவிட்டது. போட்டி நடந்த வருஷங்களில் எல்லாம் புள்ளிப் பட்டியலில் கல்லுமலைக்கு நேரே எழுதியிருக்கும், ‘சமூகமளிக்கவில்லை’ என்று.

இருபத்தொன்பது வயதுக்கு மேல் கழகத்தில் இருக்க முடியாது. வினோதாவுக்கு வருகிற சித்திரையில் முப்பது. முதலாமிடமெல்லாம் அவள் கேட்கவில்லை. கல்லுமலை என்ற பெயருக்கு நேரே ஒரு புள்ளி விழவேண்டும். பூச்சியத்துக்கு மேல் எதுவானாலும் சரி.

தலவாக்கலையில் சிப்னாஸின் தையல் கடையில்தான் துணி பார்த்தாள். அவள் கேட்டது நீலம்.

“நீலம் இருபது மீட்டர்தான் ஈக்குது தங்கச்சி. ஒங்களுக்கு அம்பது வேணும். ஒரே கட்டா அம்பது மீட்டர்னா இந்தக் கத்தரிப்பூதான். சாயம் போகாது. பனிக்கும் நல்லா தெரியும்.”

“யாரும் ஏதாச்சும் சொல்லுவாங்களா, சிப்னாஸ் நானா?”

“கலருக்கு யாரு என்ன சொல்ற?”

சிப்னாஸ் பொய் சொல்லவில்லை. அப்போது சொல்ல யாரும் இருக்கவில்லை. துணி வெட்டி, அளவெடுத்து, பாதி தைத்தும் ஆனபிறகு தோட்டத்துத் தொழிலாளர் சங்கம் இரண்டாக உடைந்தது. பழைய சங்கத்துக்குத் தலைவர் ஆண்டியப்பன். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த செல்லசாமி எழுந்துபோய்ப் புதுச் சங்கத்துக்குத் தலைவரானார். புதுச் சங்கத்துக்கு ஒரு கலர் வேண்டுமே. உலகத்தில் இருக்கிற கலரையெல்லாம் விட்டுவிட்டு, கொழும்பிலிருந்து தொப்பியும் சால்வையும் கத்தரிப்பூவில் வந்து இறங்கின.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. வெள்ளிக்கிழமை பின்னேரம் உடுப்பு மூட்டையை அவிழ்த்தார்கள். முதலில் சிரித்தது சுமன். ஆண்டியப்பனின் மகன், சைட் டிரம்மில் அவன் கைதான் முதல் கை. அவன் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றப் பதினொரு பேரும் அடிப்பார்கள்.

“யக்கா, இது செல்லசாமி மாமா வீட்டுக் கலராச்சே.”

பேஸ் டிரம் அடிக்கிற லோஜினி செல்லசாமியின் மகள். “எங்கப்பாவ இழுக்காத. அது எங்க கலரு இல்ல, கடைக் கலரு.”

“கடைல இருந்தது ரெண்டு மாசத்துக்கு முந்தி. இப்ப ஒங்கப்பா தலைல இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சுமன் சிரிப்பை நிறுத்திவிட்டு, “இல்லக்கா, நெசமா சொல்றேன். எங்கப்பா விடமாட்டாரு” என்றான். அவனைப்போலப் பழைய சங்கத்து வீடுகளிலிருந்து வந்த மற்ற ஆறு பேரும் உடுப்பைத் தொடவில்லை.

சனிக்கிழமை காலை ஆண்டியப்பன் பிள்ளைக் காம்பராவுக்கே வந்துவிட்டார். வினோதா ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் போத்தலுமாக நின்றாள்.

“ஏம்மா, செல்லசாமி என்ன குடுத்தான் ஒனக்கு?”

“மாமா, நான் துணி எடுத்தப்ப செல்லசாமி மாமா ஒங்க பக்கத்துக் கதிரையிலதான் உக்காந்திருந்தாரு.”

“அது அப்ப.”

“துணியும் அப்ப எடுத்ததுதான்.”

“நீ படிச்ச புள்ள, பேசுவ. நம்ம பக்கத்துப் புள்ளைங்க ஏழு பேரு. ஒண்ணு மேலயும் அது ஏறக் கூடாது. சொல்லிப்புட்டேன்.”

அவர் போனபிறகு அவள் என்னென்னவோ யோசித்தாள். கறுப்புச் சாயம் முக்கலாமென்றால் காய வெயில் இல்லை. புரட்டிப் போடலாமென்றால் தையலெல்லாம் வெளியே தெரியும். உடுப்புக்கு மட்டும் இருபது புள்ளி. பழைய வெள்ளைச் சட்டையைப் போடலாமென்றால் ஆளுக்கொரு வெள்ளை, அதில் பாதி மஞ்சள். எட்டு வருஷம் எதெதையோ நொந்துகொண்டவள், இந்த வருஷம் ஒரு துணிக்கட்டை நொந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வழி சொன்னதும் சுமன்தான். பின்னேரம் வேலியோரம் நின்று கூப்பிட்டான்.

“யக்கா, எங்கப்பா கண்ணு தோட்டத்துலதான இருக்கு. நுவரெலியால இல்லையே. உடுப்ப மூட்டையாவே கொண்டு போவோம். கிரவுண்டுல மாட்டுவோம், அடிப்போம், கழட்டுவோம். போட்டோ மட்டும் ஒருத்தனும் புடிக்கக் கூடாது.”

“புடிக்காம இருப்பானுங்களா?”

“போன வாங்கி வச்சிருங்க.”

லோஜினிக்கு இது பிடிக்கவில்லை. “நாங்க ஏன் ஒளிச்சுப் போடணும்? எங்க கலரு என்ன திருட்டுக் கலரா?”

“நேத்துதான கடைக் கலருனு சொன்ன?” என்றாள் வினோதா.

ஞாயிற்றுக்கிழமை வேன் காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும். ஒன்பது மணிக்குப் பதிவு; கல்லுமலைக்கு நாலாம் நம்பர். ஆறு மணிக்குப் பதினைந்து பேர் இருந்தார்கள். சுமனும் அவன் பக்கத்து ஆறு பேரும் இல்லை. தன் பக்கத்துப் பிள்ளைகள் வேனில் ஏறாமல் பார்க்க, ஆண்டியப்பன் ஐந்தரை மணியிலிருந்து கோயில் சந்தியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் படாமல் அந்த ஏழு பேரும் தேயிலைக்குள் இறங்கி, ஆற்றங்கரையைச் சுற்றி, ரோட்டில் ஏறி, அங்கே காத்து நின்ற வேனைப் பிடிக்கும்போது மணி எட்டு. முழங்கால் வரைக்கும் நனைந்து, காலில் அட்டை தொங்க வந்து ஏறினார்கள்.

“உப்பு இருக்கா?” என்று கேட்டான் சுமன்.

“மணிக்கூடு இருக்கா ஒன்கிட்ட?” என்றாள் வினோதா. நானுஓயா தாண்டியதும் அவள் எழுந்தாள். வேனுக்குள் ஒரு அரிசிப்பையை நீட்டிக்கொண்டு நடந்தாள். ஆளுக்கு ஆள் போனைப் போட்டார்கள். கடைசியாகத் தன்னுடையதையும் போட்டு வாயைக் கட்டினாள்.

மைதானத்துக்குப் போகும்போது ஆறாம் நம்பர் அடித்துக்கொண்டிருந்தது. பதிவு மேசையில் இருந்த மிஸ்ஸிடம் வினோதா தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினாள். மிஸ் கோபக்காரி இல்லை, பாவம். ஆனால் தாளில் இருப்பதுதான் அவளுக்கு வேதம். பிந்தியதற்குப் பத்துப் புள்ளி வெட்டு, எல்லோரும் முடித்தபிறகு கடைசியில் அடிக்கலாம் என்றாள்.

கடைசி என்பது பதினொரு மணிக்கு வரவேண்டியது. பிரதம அதிதி பன்னிரண்டரைக்கு வந்தார். வந்தவர் ஒரு மணிநேரம் பேசினார்.

“இவருக்கும் பத்துப் புள்ளி வெட்டுவாங்களாக்கா?” என்று கேட்டான் சுமன்.

உடுப்பு மாட்டியபிறகு உட்காரக் கூடாது, சாப்பிடக் கூடாது, வரிசையை விட்டுப் போகக் கூடாது. ஒழுக்கத்துக்கு என்று ஒருவர் கோப்போடு சுற்றிக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு பேரும் கத்தரிப்பூ உடுப்பில், காலையிலிருந்து வெறும் வயிற்றோடு, தூறலில் நின்றார்கள். கொடி பிடிக்கிற இரண்டு பேர் சோளம் வாங்கப் போய்ப் பிடிபட்டார்கள். அதற்கு நாலு புள்ளி. வினோதா அவர்களைத் திட்டவில்லை. திட்டினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

எட்டு நிமிஷம். முதல் நாலு நிமிஷம் அவர்கள் அடித்த அடியில் கலைந்து போய்க்கொண்டிருந்த சனம் திரும்பி நின்றது. சுமன் கை பொரிந்தது. இந்தப் பிள்ளைகளா பின்னேரம் நாலரை மணிக்குப் பழக வந்து கொட்டாவி விடுகிற பிள்ளைகள் என்று வினோதாவுக்கே இருந்தது.

ஐந்தாம் நிமிஷம், மைதானத்து ஓரத்தில் வைத்திருந்த அரிசிப்பை சத்தம் போடத் தொடங்கியது.

முதலில் ஒரு போன். பிறகு மூன்று, நாலு. பிறகு பை முழுவதும். வினோதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பும் அடியில் நடுவர் மேசையைப் பார்த்தபோதுதான் விளங்கியது. மேசைக்கு முன்னால் மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு போன் நின்றது. போட்டி நடத்துகிறவர்களே காலையிலிருந்து பேஸ்புக்கில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் இருபத்திரண்டு போனையும் வாங்கி வைத்தாள். இருபத்துமூன்றாவது போன் வழியாகத் தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்களுடைய அடியில் ஓர் இடம் உண்டு. எல்லோரும் சட்டென்று நிறுத்தி, எட்டு எண்ணும் வரைக்கும் அசையாமல் நிற்பார்கள். ஒன்பதில் சுமன் தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த இடம் வந்தது. எல்லோரும் நின்றார்கள். நின்ற அமைதியில் பைக்குள்ளிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. தன் அப்பாவின் நம்பருக்கு மட்டும் சுமன் அதை வைத்திருந்தான். நடுவர் ஒருவர் ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

சுமன் பை இருந்த பக்கம் பார்த்தான். ஐந்து, ஆறு. குச்சி அந்தரத்தில் நின்றது. வினோதா கோலை உயர்த்தி, உதட்டை மட்டும் அசைத்தாள்.

“அடிடா.”

அடித்தான். மிச்சம் மூன்று நிமிஷத்தையும் முடித்துவிட்டுத்தான் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

மூன்றரைக்குப் பட்டியலை ஒட்டினார்கள். கல்லுமலை, அறுபத்துமூன்று.

“ஒன்பதாவதுக்கா,” என்றாள் லோஜினி. “வெட்டின பதினாலும் இருந்திருந்தா மூணாவது.”

“எனக்கும் வாசிக்கத் தெரியும்டி.”

அவள் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். சந்தோஷப்பட ஒரு நிமிஷம் கிடைத்தது. வேனில் ஏறிப் பையை அவிழ்த்ததும் அது முடிந்தது. சுமனுக்கு முப்பத்தொரு அழைப்பு. அவன் திருப்பி எடுக்கவில்லை. லோஜினி தன் போனைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு சிரிக்காமல் வினோதாவிடம் நீட்டினாள். புதுச் சங்கத்துப் பக்கத்தில் அவர்கள் அடிக்கிற வீடியோ. மேலே பெரிய எழுத்தில், ‘நுவரெலியாவை அதிரவைத்த எமது சங்கத்தின் பேண்ட் அணி.’

தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கில் வேன் நிற்கும்போது பனி இறங்கியிருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் செல்லசாமி, மாலையோடும் பட்டாசோடும் பத்துப் பதினைந்து தொப்பிகளோடும். அந்தப் பக்கம் ஆண்டியப்பன், வெறுங்கையோடு.

“வாம்மா, வா. சங்கத்து மானத்தக் காப்பாத்திட்ட,” என்று செல்லசாமி மாலையைத் தூக்கினார்.

வினோதா கையால் தடுத்தாள். “அது போட்டி உடுப்பு மாமா. சங்கத்து உடுப்பு இல்ல.”

“கலரப் பாத்தா அப்பிடித் தெரியலையே.”

ஆண்டியப்பன் அவர்கள் பக்கம் வரவே இல்லை. மகன் இறங்கியதும் அவன் பையைப் பிடுங்கி, உள்ளே சுருட்டி வைத்திருந்த உடுப்பை எடுத்து, வினோதாவின் கையில் வைத்தார்.

“அவன் கழுத்துல இருந்து டிரம்மையும் கழட்டிக்கம்மா. இனி அவன் அடிச்சுக் கிழிச்சது போதும்.”

“அப்பா, புள்ளி விழுந்துச்சுப்பா,” என்றான் சுமன்.

“புள்ளியக் கரைச்சுக் குடி.”

வினோதா உடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். “எட்டு வருஷத்துல டிரம்முக்கு எத்தன தடவ தோலு கிழிஞ்சிச்சு. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. கலருன்னதும் ரெண்டு மாமாவும் ரோட்டுக்கு வந்துட்டீங்க.”

“அவன் கூட என்னைச் சேத்துப் பேசாத,” என்றார் ஆண்டியப்பன்.

“மாலையத் தட்டி விட்டுட்டு எனக்குப் புத்தி சொல்றியா?” என்றார் செல்லசாமி.

யாரோ ஒருவன் பட்டாசைக் கொளுத்திவிட்டான். பனியில் நனைந்த பட்டாசு பாதி வெடித்து, பாதி புகைந்தது. பிள்ளைகள் அவரவர் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அவரவர் லயத்து வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கு வினோதா பிள்ளைக் காம்பராவைத் திறக்கப் போனாள். பழைய சங்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரும் உடுப்பையும் வாத்தியத்தையும் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். புதுச் சங்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேர் வாத்தியத்தை மட்டும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். உடுப்பைத் தரவில்லை; அது இனிச் சங்கத்துக்காம். சுமன் முதல் பஸ்ஸில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான் என்று பால் கொண்டுவந்தவர் சொன்னார். வினோதா எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தாள்.